நாற்பத்திரண்டாம் எண்ணில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்

1

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து 'ஒற்றுமை' சிறுதோட்டச் சங்கத்தின் நாற்பத்திரண்டாம் எண் தோட்டம் காலியாகிறது. பேரரசுகள் கைமாறியபோதுகூட இத்தனை பேர் இவ்வளவு கவலையோடு வரிசையில் நின்றதில்லை. ஆகவே இக்கதையை வாசகப் பெருமக்கள் எழுந்து நின்று படிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

(போதும், உட்காருங்கள். கால் வலிக்கும். கதை அவ்வளவு உயரமானதில்லை.)

இது என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. உண்மையில் இது வேலிக்கு மேலாக வந்தது. நகரவாசிகளுக்குச் சிறு தோட்டங்களை வாடகைக்கு விடும் எங்கள் சங்கத்தில் செடிவேலி ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வளரக் கூடாது. வளர்ந்தால் தலைவர் ஹெர் க்னாப் அளவுகோலோடு வந்துவிடுவார். வேலிகள் இப்படி மார்பளவில் நின்றுவிடுவதால் எங்களிடையே ரகசியம் தங்குவதில்லை. நாற்பத்தொன்றாம் எண் என்னுடையது. பக்கத்தில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். கேட்காததை இட்டு நிரப்பியிருக்கிறேன். எது எது என்று கேட்காதீர்கள், எனக்கே குழப்பம்.

2

முதல் வாக்கியமாக எழுதியது: 'ரமோனா ஹென்செல் மண்ணை நேசித்தாள்.'

அடித்துவிட்டேன். ரமோனா மண்ணை நேசித்ததாக எந்தச் சாட்சியும் இல்லை. ஐம்பத்தைந்து வயது, டிராம் ஓட்டுநர், பால்கனியில் துளசியைக்கூட இரண்டு முறை கொன்றவள்.

இரண்டாவது முயற்சி: 'ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு வசந்தகாலக் காலையில், தம்பதிகள் கைகோத்து—' கைகோத்தெல்லாம் வரவில்லை. ரமோனாவும் அவள் கணவர் ஊவேயும் பேருந்தில் வந்தார்கள், வழியெல்லாம் சண்டை. பெயரைப் பதிந்துவிட்டு எப்போது கிடைக்கும் என்று க்னாப்பிடம் கேட்டார்கள்.

"யாராவது சாகணும், இல்லன்னா சண்டை போட்டுக்கிட்டு வெளிய போகணும்" என்றார் க்னாப்.

"சண்டை நாங்க போட்டுக்கறோம், நீங்க எங்களை உள்ள விடுங்க" என்றார் ஊவே.

அப்போது ஊவேக்குச் சிரிக்கிற அளவு மூச்சு இருந்தது. இப்போது அவர் மூக்கில் ஒரு குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் முனகிக்கொண்டே இருக்கும் ஓர் ஆக்ஸிஜன் இயந்திரம். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே இறங்கிவிடுவார், மேலே ஏற அரை நாள். இந்தக் கோடை இருக்கும், அடுத்த கோடையைப் பற்றி நான் பேச மாட்டேன் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஆக ரமோனாவுக்கு வேண்டியது மண் அல்ல. ஊவேயைத் திறந்தவெளியில் ஒரு நாற்காலியில் உட்கார வைக்க ஓர் இடம் வேண்டும். அதுவும் இந்தக் கோடையிலேயே வேண்டும். கதை இவ்வளவுதான். மீதி எல்லாம் மரம்.

3

நாற்பத்திரண்டில் இருந்தவர் ஹெர் லோத்தர் சைடல். எண்பதை எட்டப்போகிறவர், மனைவி இல்லை, முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. முதியோர் இல்லத்தில் அறை கிடைத்ததும் தோட்டத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். வரிசையில் முதலில் இப்போது ரமோனா. எல்லாம் சுலபமாக முடிந்திருக்க வேண்டும்.

கைமாறும்போது, புதியவர் பழையவருக்குத் தர வேண்டிய தொகையைக் கணக்கிட மதிப்பீட்டாளர்கள் வருவார்கள். நீதிபதிகளின் நடையில் இருவர் வந்து ஒவ்வொரு செடியையும் சுற்றிப் பார்த்தார்கள். திராட்சைக்கொடிக்கு மதிப்பு உண்டு. நெல்லிப்புதருக்கு உண்டு. ஆப்பிள் மரத்துக்கு வயது பார்த்து மதிப்பு. தோட்டத்து மரக் குடிசைக்குப் பின்னால் போனதும் இருவரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தினார்கள், தொப்பி விழுகிற அளவுக்கு.

அங்கே நின்றது ஓர் ஊசியிலை மரம். கிறிஸ்துமஸ் மரம். ஒரு காலத்தில் தொட்டியில் வாங்கி, பண்டிகை முடிந்ததும் தூக்கிப்போட மனமில்லாமல் மூலையில் நட்டது. எங்கள் ஊரில் பாதிப் பேர் செய்கிற தப்பு இது. முழங்கால் உயரத்தில் இருக்கும்போது யாருக்கும் அது மரமாகத் தெரிவதில்லை. சைடலுடையது இப்போது மூன்று மாடி உயரம்.

காட்டு மரங்களுக்குச் சிறுதோட்டத்தில் இடமில்லை. இருக்கிறவர் இருக்கும்வரை கண்டும் காணாமல் விடுவார்கள். கைமாறும்போது வெட்டியே ஆக வேண்டும். பிப்ரவரி முடிவதற்குள் வெட்ட வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு பறவைகள் கூடு கட்டும் காலம், இலையுதிர்காலம்வரை எங்கள் சங்கத்தில் யாரும் மரத்தில் கைவைக்கக் கூடாது.

சைடல் நவம்பரில் குளிர் என்றார். டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில் கிறிஸ்துமஸ் மரத்தை வெட்டுவார்களா என்றார். ஜனவரியில் முதுகுவலி. பிப்ரவரி பிறந்ததும் சாக்குகள் தீர்ந்துவிட்டன.

ரமோனா க்னாப்பிடம் போனாள். "தலைவரே, அந்த ஒரு மரம் நின்னா யாருக்கு என்ன?"

"ஃப்ராவ் ஹென்செல், இன்னிக்கு ஒரு மரம். நாளைக்குக் காடு. நாளன்னிக்கு ஓநாய்."

"ஓநாய் வந்தா நான் பாத்துக்கறேன்."

"வேலி உயரத்தையே ஒருத்தரும் மதிக்க மாட்டேங்கறாங்க, நீங்க ஓநாயைப் பாத்துக்கப் போறீங்க" என்றார் க்னாப். "மாசம் முடியறதுக்குள்ள மரம் போகலன்னா கைமாத்தறது அக்டோபர்லதான். நான் என்ன பண்ணட்டும், பறவைங்ககிட்ட பேசட்டுமா?"

(இந்த மனிதரை நான் வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. தன் மனைவி செத்த வாரத்திலும் வேலி அளக்க வந்தவர். வேறு எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை.)

4

இங்கே ஒரு குழந்தை வருகிறது. வராமல் எப்படி? கிறிஸ்துமஸ் மரத்தை யாருக்காக வாங்குவார்கள்?

முதல் வரைவில் சைடலின் மகன் யென்ஸ், ஆறு வயது, மரம் நட்ட அடுத்த குளிர்காலத்தில் ஏரியில் பனி உடைந்து—

நானே அழுதுவிட்டேன். உடனே சந்தேகம் வந்தது. இவ்வளவு சுலபமாக வருகிற அழுகையை எந்தக் கடையிலும் வாங்கலாம். பையனை ஏரியிலிருந்து வெளியே எடுத்து, துடைத்து, வளர்த்து, ஸ்டுட்கார்ட்டில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலைக்கு வைத்தேன். திருமணம், கார், வருடத்துக்கு இரண்டு தொலைபேசி அழைப்பு. ஹெர் சைடலின் முகத்தை இரண்டு வரைவிலும் பார்த்தேன். அதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

இரண்டாவதையே வைத்துக்கொண்டேன். அந்த இழப்புக்கு மலர்வளையம் வைக்க யாரும் வர மாட்டார்கள்.

5

ரமோனா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கேக்கோடு சைடலின் குடிசைக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. இரும்பு அடுப்பில் விறகு எரிந்தது. சைடல் தேங்காய்ப்பூத் துவாலையைக் காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

(தேங்காய்ப்பூத் துவாலை இந்தச் சாக்ஸனி மாநிலத்தில் ஏது? கம்பளி. கம்பளியைச் சுற்றிக்கொண்டு. தமிழில் எழுதினால் கை தானாக எங்கோ போய்விடுகிறது.)

"கேக் கொண்டுவந்தா மரம் விழும்னு யாரு சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லல. நேத்து செஞ்ச கேக்கு, கடைல பாதி விலைக்குப் போட்டாங்க."

"அப்ப சரி, உக்காருங்க." குடுவையிலிருந்து காபி ஊற்றினார். "உங்க வீட்டுக்காரருக்கு என்ன?"

"நுரையீரல்."

"சிகரெட்டா, சுரங்க வேலையா?"

"ரெண்டும். எதையும் பாதில விடற ஆள் இல்ல அவரு."

சைடல் சிரித்தார். கொஞ்ச நேரம் இருவரும் கேக் சாப்பிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே மரத்தின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது.

"வெட்டணும்னு சொல்ல வந்திருக்கீங்க."

"நான் சொல்லல, ஹெர் சைடல். சங்கம் சொல்லுது."

"சங்கம் கேக் வாங்கிட்டு வராது. நீங்கதான் வந்திருக்கீங்க."

ரமோனா தட்டைக் கீழே வைத்தாள்.

"என் பையன்கிட்ட போன்ல சொன்னேன்" என்றார் சைடல். "மரத்தை வெட்டச் சொல்றாங்கடா யென்ஸ்னு. 'எந்த மரம்ப்பா?'ன்னு கேட்டான். இதை நட்ட அன்னிக்கு, அதுக்குக் குளிரும்னு தன்னோட மஃப்ளரைக் கழட்டிக் கட்டிவிட்டவன். அவனையும் சொல்லிக் குத்தமில்ல. ஆறு வயசுப் பையன் எதைத்தான் ஞாபகம் வச்சுப்பான்? ஞாபகம் வச்சுக்கறது என் வேலையாப் போச்சு. என்னையும் இப்ப ஒரு அறைல கொண்டுபோய் வைக்கப்போறாங்க. ஜன்னல் இருக்காம். பார்க்கிங் தெரியுமாம்."

இந்த இடத்தில் அவளை ஏதாவது பேச வைக்க நாலு நாள் முயன்றேன். அவள் காபிக் கோப்பைகளைக் கழுவிவைத்துவிட்டுக் கிளம்பினாள்.

6

ஊவேயிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த மரம் நமக்கு என்ன பண்ணிச்சு?" என்றார் ஊவே.

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப விட்டுடு. ஒன்பது வருஷம் தோட்டம் இல்லாமதான இருந்தோம்."

"இல்ல ஊவே, இந்த வருஷம் விட்டா..."

"சொல்லு."

"ஒண்ணுமில்ல."

"இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன். இதானே? நாள் பூரா மைக்கைப் பிடிச்சு அடுத்த நிறுத்தம் என்னன்னு ஊருக்கே சொல்றவ நீ, மோனா. வீட்லயும் சொல்லிப் பழகு."

அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரங்களையே திரும்பக் கழுவினாள்.

"உருளைக்கிழங்கு போடணும்னு சொன்னல்ல நீ?" என்றாள், திரும்பாமல்.

"சொன்னேன்."

"யாரு தோண்டுவா?"

"நீதான். நான் நாற்காலில உக்காந்து குத்தம் சொல்லுவேன்."

இந்த நாற்காலிக்காகத்தான் அவள் மனதுக்குள் மரத்தை வெட்டிவிட்டாள் என்று நினைக்கிறேன். அந்த நிமிடத்தில், அந்தச் சமையலறையில். நிஜ ரம்பம் பிறகு வந்தது.

7

மார்ச் முதல் தேதி காலை நான் போனபோது நாற்பத்திரண்டின் மூலையில் வானம் தெரிந்தது. அடிக்கட்டை ஈரமாக இருந்தது. முந்தைய நாள் நடந்ததை நான் பார்க்கவில்லை. வருடம் முழுக்க வேலியோரம் காதை வைத்திருந்தவனுக்கு அன்று பார்த்துச் சளி. ஆகவே வாசகரே, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சாமான்களை எடுத்துத் தருகிறேன்.

ஓர் இரட்டைப்பிடி ரம்பம் இருக்கிறது, ஆளில்லாமல் அறுக்காது. ஒரு முனையில் ரமோனா, மறுமுனையில், ஸ்டூலில் உட்கார்ந்தபடி, சைடல். "இழுங்க, தள்ளாதீங்க" என்று அவர் சொல்லிக்கொடுக்கிறார். எனக்கு இது பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

வேண்டாமென்றால் க்னாப்பின் மோட்டார் ரம்பம். கால்மணி நேர வேலை. சைடல் வாசலுக்கு வெளியே பெஞ்சில், மரத்துக்கு முதுகைக் காட்டி, வராத பேருந்துக்குக் காத்திருக்கிறவர்போல். ரமோனா அவர் பக்கத்தில் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருக்கிறாள்.

அல்லது ரமோனா வருவதற்கு முன்பே சைடல் தனியாக, அந்த முழங்கால்களோடு, காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. அவள் வந்தபோது அவர் கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிவைத்துக்கொண்டிருக்கிறார். "வீட்டுக்காரர் கால் தடுக்கக் கூடாதுல்ல" என்கிறார். இதை எழுத என்னால் முடியவில்லை. தைரியம் இருந்தால் நீங்கள் எழுதுங்கள்.

எதை எடுத்தாலும் தடை இல்லை. மரம் எப்படி விழுந்தது என்பதில்தான் உங்களுக்குச் சுதந்திரம். மிச்சத்தில் என்னாலும் ஒன்றும் மாற்ற முடியாது. தோட்டம் ரமோனாவுக்குக் கிடைத்தது. அவள் உருளைக்கிழங்கு போட்டாள், நாற்காலி வாங்கினாள். ஊவே அந்தக் கோடையில் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் வெயில் அதிகம் என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார்.