மூடியை அழுத்திய கை

...அதுவும் சரிதான், அத்தனை பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொன்றுக்கும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கொடுக்க எந்த டீச்சரால் முடியும், தானாகத் திறந்து தானாகச் சாப்பிடப் பழக்கி அனுப்புங்கள் என்று புதுப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரோடும் சேர்ந்து கஜனியும் தலையாட்டினாள், ஆட்டாமல் என்ன செய்வது? இதுவரை மகள் போன நேர்சரி, கட்டுக்கலையில் இருக்கும் இதே வீட்டின் கீழ்மாடியில் இருந்தது, இன்டர்வெல் சத்தம் கேட்டதும் படியிறங்கிப் போய்ப் பிட்டைப் பழத்தோடு பிசைந்து மகளுக்கு ஊட்டிவிட்டு வருவாள், "நீதான் புள்ளையக் கெடுக்கிற" என்பான் கணவன் சுதேஷ், கெடுத்தால்தான் என்ன, திவிஷாவின் வாய் விரலில் படும்போது மனம் நிறைகிறதே, அது அந்த மனுசனுக்கு எங்கே தெரியப்போகிறது... திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு தொடக்கம். வெள்ளைக் கவுன் இஸ்திரி போட்டுத் தொங்குகிறது.

இதோ இன்றும் அதே பள்ளிக்கூட விளையாட்டு, கஜனிதான் டீச்சர், வாயாலேயே இன்டர்வெல் மணி அடித்தாயிற்று, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து பெட்டியோடு மல்லுக்கட்டுகிறது பிள்ளை, நேற்றெல்லாம் எளிதாகத் திறந்ததுதான், இன்று ரொட்டியை வைத்து மூடும்போது கை கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டது, ஏன் அழுத்தினேன்... கைதான் அழுத்தியது, நானில்லை... முகம் சிவந்துவிட்டது பாவம், இப்போது வருவாள், அம்மா ஏலாது என்பாள், மடியில் வைத்து ஒரு வாய், ஒரே ஒரு வாய் ஊட்டிவிட்டால் போதும், அதற்குப் பிறகு பழக்கிக்கொள்ளலாம். பிள்ளை எழுந்தது. சொல்லிக்கொடுத்தபடியே கையை உயர்த்தியது.

"டீச்சர், இதக் கொஞ்சம் தெறந்து தாங்க."

முகத்தில் சிரிப்பே இல்லை. கஜனி திறந்து கொடுத்தாள், தேங்க்யூ சொல்லி வாங்கிக்கொண்டு பாய்க்கே திரும்பிப் போய், ரொட்டியைப் பிய்த்து, சிந்தாமல், யார் பக்கமும் பார்க்காமல் சாப்பிடுகிறாள், இவ்வளவு அழகாகச் சாப்பிட எப்போது பழகினாள், சந்தோஷப்பட வேண்டாமா நான்... "போதும்மா, வெளயாட்டு முடிஞ்சிருச்சி, அம்மாக்கிட்ட வாங்க."

"இன்னும் பெல் அடிக்கலயே டீச்சர்."

மணி அடிக்க வேண்டியவளும் டீச்சரான கஜனிதானே, வாயைத் திறந்தால் முடிந்தது... ஆனால் அடித்த பிறகு பிள்ளை எழுந்து மடிக்கு வருமா, இல்லை கையைக் கழுவப் போய்விடுமா... கஜனிக்கு அதைத் தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.