ஏழாம் பக்கத்துச் சோள மாவு

"இதுல என் பேரு எங்க?" என்று கேட்டாள் ஓட்டிலி.

காலைக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மேஜை மேல், பிரிங்க்மன் அண்ட் சன்ஸ் மசாலா, பேக்கிங் பவுடர் கம்பெனியின் ஐம்பதாண்டு வரலாறு, தங்க எழுத்து அட்டையோடு கிடந்தது.

"நீங்களும் பிரிங்க்மன்தானே அண்ணி? அட்டையிலயே இருக்கே!" என்று சிரித்தான் கொழுந்தன் ருடால்ஃப். கம்பெனிக்கு இப்போது அவன்தான் முதலாளி. "வீட்டுப் பொம்பளைங்க மாவு சலிச்சுக் குடுத்தாங்கன்னு கடைசியில ஒரு வரி போட்டிருக்கேன். பாக்கலையா?"

சலித்துக் கொடுத்தாளாம்! மாமனார் தள்ளுவண்டியில் பட்டையும் கிராம்பும் விற்ற காலத்தில், இதே மேஜையில் மூன்று குளிர்காலம் மாவோடு மல்லுக்கட்டி அந்தப் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தவள் அவள். புத்தகத்தின் ஏழாம் பக்கமோ மாமனார் கண்டுபிடித்தார் என்றது. அந்த மனிதருக்கு அடுப்புப் பற்றவைக்கக்கூடத் தெரியாது. கணவன் செத்ததும் அவன் பங்கு தம்பிமாருக்குப் போயிற்று. எங்கள் டுபியூக் ஊரில் கடைப் பலகைகளில் 'சன்ஸ்', அதாவது மகன்கள், என்றுதான் எழுதுவார்கள். விதவைக்கு அதில் இடம் கிடையாது.

அன்று சாயங்காலம் ருடால்ஃப் பத்திரிகைக்காரர்களோடு வந்தான். பவுடர் பிறந்த மேஜையிலேயே, அப்பா செய்தபடி தன் கையால் கலந்து காட்டப்போகிறானாம். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு திராட்சைப் புளிப்பான டார்ட்டர் உப்பு, சோடா உப்பு, அவள் அலமாரியிலிருந்த சோள மாவு மூன்றையும் அளந்து கொட்டினான்.

சோள மாவை முதலில் அடுப்பில் ஈரம் போக உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஈரத்திலேயே உப்பு இரண்டும் பொங்கித் தீர்ந்து, பவுடர் வீணாகிவிடும். தொழிற்சாலைக்கு உலர்த்திய மாவாகவே பீப்பாயில் வருவதால் அங்கே யாருக்கும் அந்த நினைப்பே இல்லை. அடுப்படி வேலைதானே என்று வரலாறும் அதை விட்டுவிட்டது.

"சரியா இருக்கா அண்ணி?"

"புத்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கு."

மறுநாள் ஐம்பதாண்டு விழாவுக்கு எடுத்துப்போகலாமென்று பவுடரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அவள் மேஜையிலேயே திறந்தே வைத்துவிட்டுப் போனான். ஜூன் மாதப் புழுக்கம். ஓட்டிலி ஆற்றுப் பக்கத்து ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள். அவளுக்கு அப்படியொரு சந்தோஷம் வந்து எத்தனையோ வருஷமாயிற்று.

மறுநாள் விழாவுக்குத் தொழிற்சாலை முற்றத்தில் இருநூறு மளிகைக் கடைக்காரர்கள். "அண்ணி, நீங்க காப்பி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு ருடால்ஃப் மேடை ஏறினான். அந்தப் பவுடர் போட்ட, பன் மாதிரி உப்ப வேண்டிய பிஸ்கட்டுகள் அடுப்பிலிருந்து வந்தன. ஒன்றுகூட எழும்பவில்லை.

"என்னய்யா, குதிரை லாடமா?" என்றார் முன்வரிசைக் கடைக்காரர் ஒருவர். முற்றமே சிரித்தது.

வியர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தான் ருடால்ஃப். "அண்ணி, எதை விட்டேன்? சொல்லுங்க, மானம் போகுது!"

ஓட்டிலி அவன் கோப்பையில் நிதானமாகக் காப்பி ஊற்றினாள்.

"எனக்கென்ன தெரியும் தம்பி? நான் சலிச்சுக் குடுத்தவ" என்றாள், முன்வரிசைக்கும் கேட்கும்படி. "ஏழாம் பக்கத்துல உங்கப்பா இருக்காரே, அவரக் கேளு."