போஸ்டரில் சிரித்தவள்

அமெரிக்காவின் டுலூத் நகர மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு நர்ஸ் மார்லிஸைக் கண்டால் டாக்டர்களே ஓடிப்போய்க் கை கழுவுவார்கள். அவ்வளவு பயம். அந்தப் பெருமை அவளுக்குத் தலைக்கேறியும் இருந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று வாரத்தில் மூன்று பேருக்கு இரத்தத்தில் ஒரே கிருமி. மூன்றாமவர் ஹார்லன், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், பிழைப்பாரா என்பதே சந்தேகமாகிவிட்டது. மார்லிஸ் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர்க் குழாய்களைக் கழற்றவைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். பூங்கொத்துகளை வாசலோடு திருப்பினாள். வெள்ளிக்கிழமைகளில் நர்சுகள் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுவதையும் நிறுத்தினாள். நர்ஸ் டார்லா அடுப்பில் சுட்டுக் கொண்டுவந்த ஹாட்டிஷ் என்ற உருளைக்கிழங்குப் பதார்த்தம் நேராகக் குப்பைக்குப் போனது.

"என் ஹாட்டிஷ் யாரு இரத்தத்துலயும் ஏறாது மார்லிஸ். வயித்துலதான் இறங்கும்," என்றாள் டார்லா.

மார்லிஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதுவரை நாளைக்கு ஒரு தடவை நுரை தடவித் துடைத்த நோயாளிகளை இனி இரண்டு தடவை துடைக்கச் சொன்னாள். தண்ணீரே இல்லாமல் உடம்பைச் சுத்தம் செய்யும் நுரை. வாங்கவைத்ததே அவள்தான். பாட்டிலும் கையுமாக அவள் சிரிக்கும் போஸ்டர் ஒவ்வொரு அறையிலும் தொங்கியது. அந்த வாரமே இன்னும் இரண்டு பேருக்குத் தொற்று.

வியாழக்கிழமை பரிசோதனைக்கூடத்திலிருந்து லோவெல் கூப்பிட்டான்.

"நீங்க அனுப்புனதுல ஒண்ணுமில்ல. அனுப்பாத ஒண்ணையும் சோதிச்சேன். சீல் உடைக்காத பாட்டில். கிருமி உள்ளயே குடியிருக்கு."

"எந்தப் பாட்டில்?"

"போஸ்டர்ல பிடிச்சிருக்கீங்களே, அதேதான்."

துடைக்கிற பொருளைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா? படவேண்டும், அதற்குத்தான் சம்பளம். அடி அறிவுக்கொழுந்தே, அந்த உருளைக்கிழங்குக்குக்கூட உன்னைவிட மூளை அதிகம் என்று தன்னையே திட்டிக்கொண்டு மார்லிஸ் ஓடினாள். அறை அறையாகப் பாட்டில்களை அள்ளிப் பையில் போட்டுக் கட்டினாள்.

ஹார்லனின் அறையில் அவர் மனைவி வெர்னா உட்கார்ந்திருந்தாள். மார்லிஸ் எதையும் மறைக்காமல் சொன்னாள். தான் தேர்ந்தெடுத்த நுரை, தான் போட்ட உத்தரவு, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெர்னா கணவரின் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"நர்சுங்க ரெண்டு தடவைதான் துடைச்சாங்க," என்றாள். "உங்க படத்தைப் பாத்துட்டு நான் மூணாவது தடவையும் துடைச்சேன்."

மார்லிஸ் சுவரிலிருந்த தன் படத்தைப் பார்த்தாள்.

"அதைக் கழட்டிடுங்க. இல்லேன்னா இவரு கண்ணு முழிச்சதும் முதல்ல அந்தச் சிரிப்பைத்தான் பாக்க வேண்டியிருக்கும்."

மார்லிஸ் போஸ்டருக்குக் கீழே நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள்.