மாமனார் கொடுத்த கல்லில் குடியிருப்பது யார்?

1.

இந்தக் கதை ஒரு வாட்ஸப் கேள்வியில் பிறந்தது. என் கடல்நீர்த் தொட்டியில் கிடக்கும் கல்லின் பொந்துக்குள் இரண்டு கண்கள் தெரிந்தன. மங்கலாகப் படமெடுத்து, 'இது என்ன?' என்று மீன் வளர்ப்போர் குழுவில் போட்டேன். பதினோரு பேர் பதினோரு பெயர் சொன்னார்கள். எனக்கு எழுதக் கை அரித்தது.

முதல் தொடக்கம்: 'பொன்னமராவதியில் கடல் இல்லை. அருள்மணி வீட்டு ஹாலில் மட்டும் மூன்றடி நீளத்துக்கு' — வேண்டாம், சாமர்த்தியம் காட்டுகிறேன். அந்த அருள்மணி நான்தான்.

2.

கல், கட்டுமாவடியில் மாமனாரின் வலையில் ஏறியது. போன தையில் கொடுத்தார்.

"கடலை வீட்டுக்குள்ள வச்சு என்ன பண்ணப் போறீங்க மாப்ள?" என்று சிரித்தார்.

ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள் என் மனைவி அடைக்கலமேரி. ஆனியில் அவர் போய்விட்டார். (இந்த வாக்கியத்தை மூன்று முறை நீட்டி எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன்.)

அதற்குப் பிறகும் கல்லிலிருந்து ஏதாவது வெளியே வந்துகொண்டிருந்தது. நகத்தளவு நட்சத்திரமீன். நூலாகக் கை நீட்டும் ஒரு புழு. ஒவ்வொன்றுக்கும் மேரி, "அப்பா இன்னும் அனுப்பிக்கிட்டே இருக்காரு" என்பாள்.

3.

மீன்கள் குறையத் தொடங்கின. ஐந்தில் மூன்று போயிற்று. செத்த மீன்மேல் முள்புழு ஒன்று ஊர்வதைப் பார்த்ததும் இடுக்கியால் பிடித்து வெளியே போட்டேன். (கதை எழுதுகிறவன் புத்தி. பிணத்தின் பக்கத்தில் நிற்பவன்தான் கொலைகாரன்.)

"ஏங்க, இது செத்ததைத்தான் திங்கும்" என்றாள் மேரி. கண்ணாடியில் காதை வைத்தாள். உள்ளே விரல் சொடுக்கியதுபோல ஒரு சத்தம். "இந்தா கேக்குதுல்ல, மீனை அடிக்கிறது இதுதான். சின்னப்புள்ளையில வலை பிரிக்கையில* அடிச்சு என் நகமே போயிருச்சு. அப்பா அந்த வெரலைத் தன் வாயில வச்சுக்கிட்டாரு."

கும்பிடுபூச்சி மாதிரி முன்கையை மடித்திருக்கும் இறால் வகை அது. பதினோரு பேரில் ஒருவரும் சொல்லவில்லை.

(* கரையில் உட்கார்ந்து, வலையில் சிக்கியதை ஒவ்வொன்றாகக் கழற்றுவது. விலை போகாததைக் குவித்துக் கடலுக்கே திருப்பிவிடுவார்கள். எங்கள் கல்லும் அந்தக் குவியலில் கிடந்ததுதான். ஆசைப்பட்டுக் கேட்டது நான்.)

4.

கல்லை உப்பில்லாத நல்ல தண்ணீரில் போட்டால் அந்த இறால் வெளியே ஓடிவரும் என்றது குழு. கூடவே கல்லிலுள்ள மற்ற உயிர்களெல்லாம் செத்துப்போகும். போடாவிட்டால் மிச்சமிருக்கும் ஜோடியும் போய்விடும். ஐந்து வருஷமாக என் கையிலிருந்து தீனி வாங்கும் ஜோடி.

முடிவு அ: கல் வாளிக்குள். மீன்கள் பிழைக்கின்றன. மேரி ஒன்றும் சொல்லாமல் சமைக்கப் போகிறாள். அவள் முதுகு — (எழுதும்போதே வெட்கமாக இருந்தது.)

முடிவு ஆ: இருவரும் கட்டுமாவடி போய்க் கல்லைக் கடலில் விடுகிறோம். பொன்னிற வெயில், பொங்கும் அலை. (சினிமா. அந்தக் கரையில் அலை ஏது? முழங்கால் சேறுதான்.)

இரண்டையும் மேரிக்குப் படித்துக் காட்டினேன்.

"ரெண்டுலயும் கல்லு போயிருதே" என்றாள். "போகாத முடிவு ஒண்ணு எழுதத் தெரியாதா ஒங்களுக்கு?"

5.

தெரியவில்லை.

ஒன்பது நாளாகக் காலையில் அவளே வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து வைக்கிறாள். "மீனுக பாவம், தூக்குங்க" என்கிறாள். நான் முழங்கை வரை கையை விட்டுக் கல்லைப் பிடித்ததும், "இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டுமே" என்கிறாள். சாயங்காலம் அந்தத் தண்ணீர் முருங்கைக்குப் போகிறது. அவளைக் குறை சொல்லமாட்டேன். என் கையும் அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறது.

இன்று காலை பார்த்தால் ஜோடியில் ஒன்று இல்லை. மற்றது மூலையில் ஒதுங்கி நிற்கிறது. வாளி நிரம்பியிருக்கிறது. என் கை கல்லின்மேல் இருக்கிறது. மேரி இன்று எதுவும் சொல்லவில்லை, என் முகத்தையே பார்க்கிறாள். எனக்குப் பார்க்க உங்களை விட்டால் ஆள் இல்லை.