பதினேழாம் நம்பர் வீட்டுக் கொடி

பொட்டலத்தைக் குச்சியால் புரட்டிய பஞ்சாபகேசன் அப்படியே நின்றுவிட்டார். பிளாஸ்டிக் பைக்குள் சுற்றியிருந்த செய்தித்தாளின் மூலையில், பேப்பர் போடுகிறவர் பென்சிலால் எழுதிய எண் அழியாமல் இருந்தது. பதினேழு. அவர் வீட்டு எண்.

மலையாள தேசத்து வலியசாலை அக்கிரகாரத்தின் பின்சந்து அது. இரண்டு நாள் மழையில் ஓடை அடைத்துக்கொண்டு, சாக்கடை கொல்லைகளுக்குள் ஏறியிருந்தது. தெரு அசோசியேஷனின் தலைவர் பஞ்சாபகேசன். போன வருஷம், 2002-ல், தெருமுனைக் குப்பைத் தொட்டியை எடுக்கவைத்து, 'குப்பையில்லாத் தெரு' என்று பலகை வைத்தவர் அவர்தான். வீடுவீடாகக் காய்கறிக் கழிவையும் பிளாஸ்டிக்கையும் தனித்தனியே வாங்கிப்போகப் பூமாரியை ஏற்பாடு செய்தவரும் அவரே. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பூமாரி, இப்போது ஓடைக்குள் முழங்காலளவு நின்று, அதேபோன்ற பொட்டலங்களை வெறுங்கையால் அள்ளிக் கரையில் போட்டாள். மொத்தம் இருபத்துமூன்று.

"ஒவ்வொண்ணாப் பிரி. எந்தாத்து நம்பர்னு பாக்கணும்" என்று சொன்னவரும் அவர்தான். முதல் பொட்டலமே இப்படி.

"மத்தது பிரிக்க வேண்டாம். எல்லாத்தையும் சாக்குல கட்டு" என்றார் இப்போது.

பின்கட்டு அறையின் ஜன்னலோரம் மருமகள் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டாம் நாள். அந்த வீட்டில் பெண்கள் மூன்று நாளும் அந்த அறையில்தான் இருக்கவேண்டும், கிணற்றைத் தொடக்கூடாது.

"செண்பகம், இது நம்மாத்துதா?"

"ஆமாம்ப்பா."

"நாணக்கேடு! ஊருக்கு நியாயம் சொல்றவன் ஆத்துலேர்ந்தாக்கும் இது."

"வேற எங்க போடறது? இந்த நாப்கினையெல்லாம் பூமாரி பையில போடப்படாதுன்னு நீங்கதான் ரூல் போட்டேள். எரிக்கப்படாதுன்னும் சொல்லிட்டேள். தொட்டியும் இல்லை."

அவர் குச்சியைக் கீழே போட்டார். ஸ்நானம் பண்ணவேண்டும் என்று முணுமுணுத்தபடி போய்விட்டார்.

பூமாரி கரையேறினாள். விரலிடுக்கெல்லாம் புண். "கொஞ்சம் தண்ணி ஊத்துதியளா மாமி? கிணத்தடிக்கு வந்தா பெரியவரு ஏசுவாரு."

செண்பகவல்லி தனக்கென்று தள்ளி வைத்திருந்த வாளியோடு வெளியே வந்தாள். "நானும் இன்னிக்குக் கிணத்தைத் தொடப்படாதவதான். கையைக் காட்டு."

தண்ணீரை ஊற்றி, அவள் உள்ளங்கையில் தானே சோப்பைத் தேய்த்துவிட்டாள். பூமாரி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். செண்பகவல்லி விடவில்லை.

அந்த வாரமே ஒரு கடிதம் எழுதினாள். பின்சந்தின் கோடியில் பொட்டலங்களை எரிக்க, மூடியும் புகைக்குழாயும் வைத்த சின்னச் செங்கல் அடுப்பு ஒன்று வேண்டும், பூமாரிக்குக் கையுறை வேண்டும். அவ்வளவுதான். அசோசியேஷன் கூட்டத்துக்குப் பெண்களை அழைப்பதில்லை. கணவன் ராமசுப்ரமணியனிடம் கொடுத்தனுப்பினாள். அவன் திரும்பி வந்தபோது கடிதம் மடிப்புக் கலையாமல் சட்டைப்பையிலேயே இருந்தது.

"அத்தனை ஆம்பளைகள் நடுவுல இதை எப்படி வாசிக்கறது? நாக்கு எழும்பலை."

கூடவே தீர்மானத்தின் நகல் ஒன்றையும் கொண்டுவந்திருந்தான். 'பெண்களின் பிளாஸ்டிக் கலந்த பொருள்கள் இனி நம் தெருவில் கூடாது. முன்பு பயன்படுத்திய துணியே சுற்றுச்சூழலுக்கு உகந்தது.' ஏகமனதாக நிறைவேறியிருந்தது. கையுறையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

செண்பகவல்லி மாமனாரின் பழைய வேஷ்டியைக் கிழித்தாள். துவைத்ததை எங்கே உலர்த்துவது? கொல்லையில் போட்டால், பூஜைக்குத் தண்ணீர் எடுக்கும்போது கண்ணில் படுகிறது என்றார் மாமனார். மொட்டைமாடியில் போட்டால் பக்கத்து வீட்டார் பார்ப்பார்கள் என்றான் கணவன். கடைசியில் அறைக் கதவின் பின்னால், ஆணியில், துண்டுக்கு அடியில் தொங்கின. மழை விட்ட நாட்களிலும் அங்கே ஈரம் போகவில்லை. பதின்மூன்று வயது மகள் பகவதி பாதி காய்ந்ததையே எடுத்து உபயோகித்தாள். புண் வந்தது, காய்ச்சல் வந்தது. ஓணப் பரீட்சையில் இரண்டு பேப்பர் எழுதவில்லை.

"வெயிலத்து இட்டு உணக்கிக்கூடே, மோளே?" துணியை வெயிலில் காயவைக்கக்கூடாதா என்று டாக்டரம்மா கேட்டாள். பகவதி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஓணம் கழிந்த வாரம், நகரத்தின் சுத்தமான தெருவைத் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி வந்தது. பஞ்சாபகேசன் கஞ்சி போட்ட வேஷ்டியும் குடையுமாய் முன்னால் நடக்க, ராமசுப்ரமணியன் பின்னால் போனான். அவர்கள் தெருமுனையில் இருக்கும்போதே, செண்பகவல்லி வாசல் ஜன்னல் கம்பியிலிருந்து படிக்கு அந்தப் பக்கத்து விளக்குக் கம்பம் வரை, வாசலை மறித்து, நைலான் கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

"அம்மா, தாத்தா வந்துடுவா."

"வரட்டும். நீ கிளிப்பைக் குடு."

பதினோரு துணிகள். கறை முழுக்கப் போகாதவை.

பிளாஸ்டிக்குக்குப் பதில் துணிப்பை தைக்கப்போகிறார்கள் என்று நினைத்துக் கமிட்டிக்காரர் முகம் மலர்ந்தது. "பிளாஸ்டிக்கினு பகரம் துணி! கொள்ளாம். சஞ்சி தைக்கானாணோ?"

பஞ்சாபகேசன் அவசரமாகத் தலையாட்டினார். "அதே, அதே" என்றார்.

"சஞ்சி இல்லை சார்" என்று படியிறங்கி வந்தாள் செண்பகவல்லி. எல்லோருக்கும் புரியும்படி மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாள். இது மாதவிலக்குக்கு நாங்கள் வைத்துக்கொள்ளும் துணி. துணிதான் வேண்டும் என்று அசோசியேஷன் தீர்மானம் போட்டிருக்கிறது. வெயிலில் காயாவிட்டால் புண் வருகிறது. என் பெண்ணுக்கு வந்தது.

கமிட்டிக்காரரின் பேனா நின்றது. எதிர்வீட்டு ஜன்னல்களுக்குப் பின்னால் வளையல்கள் அசைந்தன. யாரும் வெளியே வரவில்லை.

"ராமு, அவுத்து எடுடா அதை" என்றார் பஞ்சாபகேசன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ராமசுப்ரமணியனின் கை உயர்ந்தது. துணிக்கு ஒரு சாண் இருக்கையிலேயே தாழ்ந்துவிட்டது. "நான் எப்படிப்பா தொடறது?"

"பூமாரி!"

பூமாரி தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றாள். "மாமி சொன்னா எடுக்கேன் சாமி."

"சொல்லமாட்டேன்" என்றாள் செண்பகவல்லி.

கமிட்டி சத்தமில்லாமல் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. பஞ்சாபகேசனால் அந்தத் துணிகளைத் தொடவும் முடியாது. அவற்றுக்கு அடியில் குனிந்து தன் வீட்டுக்குள் போகவும் முடியாது. அவை மொறுமொறுவென்று காய்ந்து, மருமகளே வந்து ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கும்வரை, குடையை விரித்துக்கொண்டு தெருவிலேயே நின்றார்.