மீட்பு வண்டியின் ஊர்வலம்

சகாயசெல்வி மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்றும் லோடு வண்டி ஓட்டுகிறாள். போன வருஷம் அது பெருமுக்கல் அருகே நின்றுபோனபோது, கையில் கிடைத்த முதல் நம்பருக்குப் போன் செய்தாள். மீட்பு வண்டியோடு தனபால் வந்தான்.

“பின்சக்கரத்த தூக்கி இழுங்கண்ணே, கியர்ல மாட்டிக்கினு இருக்குது.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்று சிரித்தவன், முன்பக்கத்தைத் தூக்கி, பின்சக்கரம் ரோட்டிலேயே உருளத் திண்டிவனம் வரை இழுத்துப் போனான். கியர்பாக்ஸ் நொறுங்கியது. வண்டி ஓடாத மூன்று மாதமும் அவள் அடுத்தவர் பாத்தியில் கூலிக்கு உப்பு வாரினாள்.

அதன்பிறகு நாலு பேரிடம் விசாரித்து, வண்டியை அப்படியே மேலே ஏற்றிக் கொண்டுபோகும் கிளியனூர் கார்த்திகேசனின் நம்பரை வாங்கி வைத்தாள். சீட்டுக்கு அடியில் இழுவைக் கயிறும் போட்டுக்கொண்டாள்.

இந்தப் பங்குனியில், உச்சி வெயிலில், உப்பளத்து ரோட்டில் தனபாலின் மீட்பு வண்டியே நின்றிருந்தது. வியர்வையில் நனைந்தவன் கைகாட்டினான்.

“ஏம்மா, கயிறு இருக்குதா? கொஞ்சம் இழுத்து வுடேன்.”

அவனுக்கு அவள் முகமே ஞாபகமில்லை. அது அவளை இன்னும் எரித்தது.

“இருக்குது. உனக்குக் கிடையாது. பெருமுக்கல்ல என் கியர்பாக்ஸ ஒடச்சியே, மறந்துட்டியா?”

அவள் கார்த்திகேசனை அழைத்தாள்.

“அவனயா கூப்புடுற? தொழில்ல எனக்கு எதிரிம்மா! ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்.”

கார்த்திகேசன் லாரியோடு வந்ததும், வேறு வழியில்லாமல் தனபால் அதில் ஏறிக்கொண்டான். அவன் வண்டியைச் சுமந்த லாரி மரக்காணம் கடைத்தெருவில் ஊர்ந்தது. சகாயசெல்வி ஹாரன் அடித்தபடியே பின்னால் போனாள். ஆட்டோக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தனபால் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்குத் துளியும் இரக்கம் வரவில்லை.