கடைசியாக என்ன செய்தீர்கள்?

எதிர் வீட்டுக்காரர் மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை என்றால், என்ன ஏது என்று விசாரிப்பது என் கடமை. இதை வம்பு என்று சொல்லும் சிலர் எங்கள் கட்டிடத்தில் உண்டு. அந்தச் சிலருக்கும் விவரம் என்னிடமிருந்துதான் போகிறது.

அவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். கட்டிடத்தில் அவருக்கு டிரம் என்று பெயர். ஒரு மெஷினின் டிரம்மைத் தோளில் வைத்து நான்கு மாடி ஏறிய அன்று கிடைத்த பட்டம் என்று அவர் நம்புகிறார். வயிற்றைப் பார்த்து வைத்தது என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவள். கை மென்மை, வாய் அப்படியில்லை.

புதன்கிழமை காலை ஒரு வெறும் கிண்ணத்தோடு போனேன். வெறும் கிண்ணம் நல்ல துணை. எதையோ வாங்க வந்தது போலவும் இருக்கும், திருப்பித் தர வந்தது போலவும் இருக்கும். டிரம் சாப்பாட்டு மேசையில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு, இழவு வீட்டில் தலைமாட்டில் உட்கார்ந்தவரைப் போல் இருந்தார்.

"என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை அக்கா. ஃபோரம் படுத்துடுச்சு."

"அது பாட்டுக்குப் படுத்திருக்கு," என்றாள் மனைவி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டே. "இவர்தான் மூணு நாளா என்னைப் படுத்துறார்."

ஃபோரம் என்றால் என்னவென்று எனக்கும் அன்றுதான் முழுசாகத் தெரிந்தது. ஒருவர் கேள்வி எழுதுவார், மற்றவர்கள் அதற்குக் கீழே பதில் எழுதுவார்கள். அப்படி ஓர் இணையப் பலகையை டிரம் ஒன்பது வருஷமாக நடத்துகிறார். அதில் நானூறு மெக்கானிக்குகள். எந்த மாடலில் எந்த எழுத்து மின்னினால் எந்த வால்வு போச்சு, எந்தப் போர்டில் சிவப்பு வயர் எங்கே போகும், நீலம் எங்கே போகும் என்று எழுதி, கிரீஸ் கையோடு படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கம்பெனிக்காரன் புத்தகத்தில் இல்லாத விஷயங்கள். "நீங்க எழுதிப் போடுங்க, பத்திரமா வெச்சிக்கறது என் பொறுப்பு" என்று ஆரம்பத்திலேயே அவர்களுக்கு வாக்குக் கொடுத்தவர் டிரம். திங்கட்கிழமை, அந்தப் பலகையை இயக்கும் மென்பொருளுக்குப் புது அப்டேட் போட்டார். அன்றிலிருந்து பக்கத்தைத் திறந்தால் வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி.

"ஒன்பது வருஷம் அக்கா. அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார்.

அந்த மென்பொருள் யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து வைத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்தும் பார்க்கலாம். சிக்கல் வந்தால் கேட்க அதை ஆக்கியவர்களும் பயன்படுத்துகிறவர்களும் சேர்ந்து ஒரு ஃபோரம் வைத்திருக்கிறார்கள். ஃபோரத்துக்கே ஒரு ஃபோரம். வைத்தியருக்கு வைத்தியர் வேண்டாமா?

அங்கேதான் டிரம் திங்கட்கிழமை மதியம் "அவசரம்! அவசரம்! உதவவும்!" என்று தலைப்புப் போட்டுக் கேட்டிருந்தார். திரையை அப்படியே சேமித்து அனுப்பத் தெரியாமல் செல்போனில் படம் எடுத்து ஒட்டியிருந்தார். வெள்ளைத் திரையில் தெளிவாகத் தெரிந்தது அவருடைய பனியன் மட்டும்தான். கூடவே, கேட்காமலேயே, ஃபோரம் குடியிருக்கும் சர்வரின் ரகசிய எண்கள் அடங்கிய கோப்பையும் முழுசாக ஒட்டிவிட்டார். ஏடிஎம் கார்டில் ரகசிய எண்ணை எழுதி பஸ் ஸ்டாண்டு தூணில் தொங்கவிட்ட மாதிரி.

இரண்டே நிமிஷத்தில் யாரோ ஒருவர் அதை மறைத்துவிட்டு, தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்: "பாஸ்வேர்டை உடனே மாற்றிவிடுங்கள். கவலைப்படாதீர்கள், வாரத்துக்கு ஒருவராவது இதைச் செய்கிறார்கள்." அந்த ஆள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கெட்டில் படம். எங்கள் கட்டிடத்தில் அப்படி ஒன்று நடந்திருந்தால் முதலில் பத்துப் பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்போம். நானே காட்டியிருப்பேன்.

அடுத்து வந்தவருக்கு நத்தை படம். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. "கேளுங்களேன் தம்பி, கல்யாணம் ஆச்சான்னாவது" என்றேன். டிரம் முறைத்தார். நத்தை கேட்ட முதல் கேள்வி இது: "எப்போதிலிருந்து இப்படி? அதற்கு முன் கடைசியாக என்ன செய்தீர்கள்?"

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். போன வருஷம் என் மெஷின் கடகடவென்று அலறி நின்றபோது டிரம் வந்து இதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டார். "ஒண்ணுமே செய்யலை தம்பி, அதுவா நின்னுடுச்சு" என்றேன். அவர் பேசாமல் மெஷினைப் பிரித்து, ஏழு ஹேர்பின்களை எடுத்து மேசைமேல் வரிசையாக அடுக்கிவிட்டுப் போனார். "அதுவா நின்னுடுச்சு" என்று சொல்லாத வாடிக்கையாளரைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்று அவர் அடிக்கடி சொல்வார்.

அப்பேர்ப்பட்டவர் நத்தைக்கு எழுதிய பதில்: "அப்டேட் பொத்தானைத் தவிர நான் எதையும் தொடவில்லை. தானாக நின்றுவிட்டது."

நத்தை நம்பியது. நம்பி, ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னது. கூடுதலாகச் சேர்த்த வசதிகளை ஒன்றொன்றாக அணைத்துப் பாருங்கள். தற்காலிகக் கோப்புகளைத் துடைத்துப் பாருங்கள். ஃபோரம் தானாக எழுதிவைக்கும் பதிவேட்டின் கடைசி இருபது வரிகளை அனுப்புங்கள். டிரம் இருபது வரிக்குப் பதில் இரண்டாயிரம் வரிகளை அனுப்பினார். நத்தை அவ்வளவையும் படித்துவிட்டுப் பதில் எழுதியது. வியாழன் போச்சு, வெள்ளி போச்சு. கெட்டிலும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் தன் கணினியில் இதே மாதிரி ஒரு ஃபோரத்தையே புதிதாக அமைத்து, அப்டேட் போட்டு, எங்கே உடைகிறது என்று சோதித்துப் பார்த்தாராம். இவர்களில் ஒருவருக்கும் இதனால் ஒரு வாய்த் தண்ணீர்கூட லாபமில்லை. கூடப்பிறந்தவன்கூட மூன்றாவது கேள்வியில் "போடா வெண்ணெய்" என்றிருப்பான்.

நான் தினமும் போய்வந்தேன். கிண்ணம் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நத்தையிடமிருந்து செய்தி வந்தது. டிரம் வாய்விட்டுப் படித்தார்.

"நேற்று நீங்கள் அனுப்பிய ஃபோல்டர் பட்டியலில் ஒன்று இல்லை. எல்லா ஃபோரத்திலும் அது இருந்தே ஆகவேண்டும். நீங்கள் அழிக்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் வெளியாள் யாரோ உள்ளே புகுந்திருக்கிறார். இது எல்லோருக்கும் வரக்கூடிய ஆபத்து. மற்றவர்களை எச்சரிக்கவேண்டும். நாங்கள் ஐந்து பேரும் இன்று முழுவதும் உட்கார்ந்து ஓட்டையைத் தேடப் போகிறோம்."

படித்து முடித்தவர் நிமிரவில்லை. டம்ளரை எடுத்தார், அதில் தண்ணீர் இல்லை, இல்லாத தண்ணீரைக் குடித்தார். அந்த முழியை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"தம்பி," என்றேன், "ஹேர்பினை எங்க போட்டீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். ஊசிக்கு நரம்பு தேடுகிறவளின் பார்வை.

"என்னங்க, அக்கா என்ன கேக்கறாங்க?"

"அப்டேட் போடறப்ப இடம் போதலைன்னு சொல்லிச்சு," என்றார் டிரம், மேசையிடம். "எது ரொம்பப் பெருசா இருக்குன்னு பாத்தேன். ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. பழைய குப்பைன்னு நினைச்சு எடுத்துட்டேன்."

"பெருசா இருந்தா எடுத்துடறதா? அப்ப இந்த வீட்டுல மொதல்ல உங்களைத்தான் எடுக்கணும்!"

"அய்யோ... இல்லம்மா..."

"ஆறு நாளா அஞ்சு பேர் சோறு தண்ணி இல்லாம உங்களுக்காக உக்காந்திருக்காங்க. இப்ப இல்லாத திருடனைத் தேடப் போறாங்க. எழுதுங்க."

"எப்படிம்மா எழுதறது? நான் மெக்கானிக். ஊருக்கெல்லாம் 'பொய் சொல்லாதீங்க'ன்னு சொல்றவன்..."

"அதையும் சேர்த்து எழுதுங்க."

எழுதினார். இரண்டு விரலால், ஒவ்வொரு எழுத்தாக. நான்கு வரிக்குக் கால் மணி நேரம். அனுப்பிவிட்டுத் திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டார். நானும் கொஞ்சம் ஆவலாகத்தான் இருந்தேன், ஒளிப்பானேன்.

திட்டு வரவில்லை. "சொன்னதற்கு நன்றி" என்று வந்தது. "இப்போது எல்லாம் புரிகிறது. வெள்ளைத் திரை பெரிய விஷயமில்லை, பத்து நிமிஷ வேலை. ஆனால் உங்கள் ஆட்கள் ஏற்றிய படங்கள் எல்லாம் அந்த ஃபோல்டரில்தான் இருந்தன. வேறு பேக்கப் இருக்கிறதா?"

டிரம் முகம் மலர்ந்தது. "இருக்கு! மாசாமாசம் எடுத்து வெச்சிருக்கேன்!" பிறகு மெல்ல வாடியது. "...அதே ஃபோல்டருக்குள்ளதான். அதனாலதான் அவ்வளவு பெருசா இருந்திருக்கு."

"பீரோ சாவியைப் பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டியிருக்கார், அக்கா," என்றாள் மனைவி. ஆனால் அவள் குரலில் கிண்டல் குறைந்திருந்தது. ஒன்பது வருஷப் படங்கள் என்பது அவளுக்கும் உறைத்துவிட்டது.

"எந்த நாள் அழித்தீர்கள், எத்தனை மணிக்கு? சரியாகச் சொல்லுங்கள்" என்றது நத்தை.

"திங்கட்கிழமை, காலை பத்து மணி."

"உங்களுக்கு சர்வரில் இடம் வாடகைக்குக் கொடுத்திருக்கும் நிறுவனத்தின் பெயரை உங்கள் இரண்டாயிரம் வரிகளில் பார்த்தேன். அவர்கள் வழக்கம் எனக்குத் தெரியும்: தினமும் விடியற்காலையில் ஒரு நகல் எடுக்கிறது. ஏழு நாள் வைத்திருக்கும், எட்டாம் நாள் பழையதன்மேல் புதியதை எழுதிவிடும். திங்கள் விடியற்காலை எடுத்த நகல் இன்றுவரை இருக்கிறது. நாளை விடிந்தால் இருக்காது. எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அவர்களுக்கு எழுதுங்கள். இப்போதே."

டிரம் இரண்டு விரலால் முதல் எழுத்தைத் தேட ஆரம்பித்தார். மனைவி லாப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். என்ன எழுதவேண்டும் என்று நத்தை சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்: எந்த நாள் நகல், எந்த ஃபோல்டர், பழைய இடத்தில் வைக்காமல் தனியாக வைக்கவும். ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆபீஸில் யார் இருப்பார்களோ, பார்ப்பார்களோ. நான் பேசாமல் இருந்த ஒரு மணி நேரம் எங்கள் கட்டிடத்தின் வரலாற்றில் அதுதான்.

நாலு மணிக்குப் பதில் வந்தது. நகல் கிடைத்தது. தனியாக வைத்தாயிற்று.

அதற்குப்பின் நத்தை சொன்னது உண்மையாகவே பத்து நிமிஷ வேலைதான், டிரம்முக்கு நாற்பது நிமிஷம் ஆனது. வெள்ளைத் திரை போய் நீலப் பட்டை வந்தது. பிறகு எழுத்து. பிறகு படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் வந்த படத்தில் ஒரு சர்க்யூட் போர்டு, அதில் பாதியை மறைத்து ஒரு கட்டைவிரல்.

"இவன் எப்பவும் இப்படித்தான் அக்கா, விரலை வெச்சுக்கிட்டே எடுப்பான்," என்று சொல்லிச் சிரித்தவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தார். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம். எனக்கு அது சுலபமில்லை.

"உங்களுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று நத்தையிடம் கேட்டார். "எந்த ஊரா இருந்தாலும் சொல்லுங்க. உங்க வீட்டு மெஷினை ஆயுசு முழுக்க நான் பாத்துக்கறேன்."

"நான் கையால் துவைக்கிறவன்" என்று பதில். பல் செட் செய்யும் வேலையாம், மதிய இடைவேளையிலும் லீவு நாளிலும் இங்கே வந்து உட்காருவாராம். அப்பாடா, ஆண் என்று தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் தன்னுடைய ஃபோரம் விழுந்தபோது கெட்டில்தான் தூக்கிவிட்டாராம். "ஒன்றே ஒன்று செய்யுங்கள். 'அவசரம்' என்ற தலைப்பை மாற்றி, என்ன நடந்தது, எப்படிச் சரியானது என்று முழுசாக எழுதிவையுங்கள். நிறைய பேர் 'சரியாகிவிட்டது, நன்றி' என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்து வருகிறவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை."

தனியாகச் சொன்னது வேறு, உலகம் பார்க்கத் தலைப்பாகப் போடுவது வேறு. டிரம் முதலில், "ஒரு முக்கியமான ஃபோல்டர் காணாமல் போனது" என்று எழுதினார்.

"கால் முளைச்சு நடந்து போச்சா?" என்றாள் மனைவி.

அழித்துவிட்டு மறுபடி எழுதினார். கடைசியில் தலைப்பு இப்படி நின்றது: "இடம் போதவில்லை என்று படங்கள் இருந்த ஃபோல்டரை நானே அழித்தேன்; ஆறு நாள் மறைத்தேன்; நகலிலிருந்து மீட்டோம்." கீழே படிப்படியாகச் செய்முறை. அதன் கீழே நத்தை, கெட்டில், மற்ற மூன்று பேர், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்திருந்த அந்த முகம் தெரியாத ஆபீஸ்காரர் எல்லோருக்கும் நன்றி. தன் நானூறு மெக்கானிக்குகளுக்கும் அதையே போட்டார். அவர்கள் கிழிகிழியென்று கிழித்தார்கள். "அண்ணே, அதுவா நின்னுடுச்சா?" என்று மட்டும் முப்பது பேர். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து நன்றி எழுதினார் மனுஷன்.

செவ்வாய்க்கிழமை மதியம் கிண்ணத்தோடு போனேன். டிரம் எதிரில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. "அக்கா, இங்க பாருங்க" என்று லாப்டாப்பைத் திருப்பினார். அவர் எழுதியதன் கீழே யாரோ புது ஆள்: "எனக்கும் இடம் போதவில்லை என்று வந்தது. அதே ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, அழிக்க விரலை வைத்துவிட்டேன். எதற்கும் ஒருமுறை தேடிப் பார்ப்போம் என்று தேடியதில் இது கிடைத்தது. கையை எடுத்துவிட்டேன். கோடி நன்றி. ஆனால் இடத்துக்கு நான் இப்போது என்ன செய்வது?"

"என்ன செய்யணும் தம்பி?"

"எனக்கென்ன தெரியும் அக்கா."

"என்னங்க, சோறு ஆறுது," என்று உள்ளேயிருந்து மனைவி.

"இரும்மா, ஆள் காத்துக்கிட்டிருக்கார்," என்று சொல்லிவிட்டு, டிரம் இரண்டு விரலால் எழுதத் தொடங்கினார்: "எதையும் தொடாதீர்கள். விஷயம் தெரிந்தவர்கள் மதிய இடைவேளைக்கு வருவார்கள். அதுவரை நான் கூட இருக்கிறேன். முதலில் சொல்லுங்கள், கடைசியாக என்ன செய்தீர்கள்? எதுவாக இருந்தாலும் பரவாயில்லை."